செத்தல் உறைப்பு: ஒரே தூளுக்கு ஏன் இரண்டு ஸ்கோவில் எண்?

தூள்மில்:
வணக்கம். செத்தல் (காய்ஞ்ச மிளகாய்) அரைச்சு வெளிநாட்டுக்குப் போற தூள். வாங்கிற ஆள் பைக்கற்றில ஸ்கோவில் எண் (உறைப்பின்ர அளவு) போடச் சொல்றார். ஒரே தொகுதித் தூளுக்கு இரண்டு ஆய்வறிக்கை கையில இருக்கு. ஒண்டில 16,000, மற்றதில 24,600. இரண்டிலையும் எச்.பி.எல்.சி. (சாற்றைக் கொலம் எண்ட குழாய்க்குள்ளால ஓட்டி, பொருள்களைப் பிரிச்சு அளக்கிற) முறை எண்டுதான் போட்டிருக்கு. எது சரி? மெசின் பிழையா, தூள் பிழையா? வறுத்த கறித்தூளுக்கும் இதே மாதிரிப் பார்க்கலாமோ?

கொலம்18:
மெசினைக் கடைசியாச் சந்தேகப்படுங்கோ. ஒழுங்கா ஓடுற எச்.பி.எல்.சி. இரண்டு மூன்று வீதம் முன்பின் காட்டும், 50 வீதம் காட்டாது. உந்த அளவு இடைவெளி நியமக் கரைசலில (ஒப்பிடுறதுக்கு எடுக்கிற, அளவு தெரிஞ்ச கரைசல்) இருந்தோ கணக்கில இருந்தோதான் வரும்.

முதல் விசயம், உறைப்பு ஒரு பொருளால வாறதில்லை. கப்சைசினும் டைஐதரோகப்சைசினும் சேர்ந்து பெரும்பங்கு. நோர்டைஐதரோகப்சைசின் கொஞ்சம். ஹோமோ வகைகள் மிகச் சொற்பம். 1912இல வில்பர் ஸ்கோவில் அளந்தது நாக்கால. மிளகாய்ச் சாற்றைச் சீனித்தண்ணியில எத்தினை மடங்கு ஐதாக்கினால் உறைப்புத் தெரியாமப் போகும் எண்டு பார்த்தார். இப்ப மூன்று பொருளையும் தனித்தனியா அளந்து, ஒவ்வொண்டையும் அதுக்குரிய எண்ணால பெருக்கிக் கூட்டுறம். அறிக்கையில நிக்கிற ஸ்கோவில் எண்ணை ஒருத்தரும் அளக்கேல்லை, அது கணக்குப் போட்டு வந்தது.

அதால இரண்டு அறிக்கையிலையும் இதுகளைத் தேடிப் பாருங்கோ: மூன்று பொருளும் கிலோவுக்கு எத்தினை மில்லிகிராம், நியமம் என்ன, அதின்ர தூய்மை எவ்வளவு, எண் உலர்நிறைக்கா (தண்ணியைக் கழிச்ச நிறை) இருந்தபடி நிறைக்கா.

தராசுத்தட்டு:
அதற்கு முன் ஒரு கேள்வி. "ஒரே தொகுதி" என்றால் ஒரே மூட்டையா, ஒரே நாள் அரைத்ததா? இரண்டு பொதிகளும் எப்படி எடுக்கப்பட்டன?

மிளகாய் சீரான பொருள் அல்ல. உறைப்புப் பொருள்கள் உருவாவது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில். தோலில் குறைவு. விதை தானாக எதையும் உருவாக்குவதில்லை, சவ்விலிருந்து ஒட்டியதுதான் அதில் இருக்கும். அரைக்கும்போது அந்தச் சவ்வு காய்ந்து நொறுங்கி முதலில் மாவாகிறது. தோல் தோற்பட்டைபோல் இழுபட்டுத் துண்டாக நிற்கிறது. மூட்டை லொறியில் ஆடினால் மாவு அடியில் இறங்கும், துண்டு மேலே நிற்கும். மேலே ஒரு கரண்டி, அடியில் ஒரு கரண்டி எடுத்தால் இரண்டும் வேறு தூள்.

வழி இது. மூட்டைகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுங்கள். 25 மூட்டை என்றால் குறைந்தது ஐந்து மூட்டைகளைத் திறக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் எடுத்து, எல்லாவற்றையும் ஒரு சுத்தமான தாளில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலு கூறாக்குங்கள். எதிரெதிரான இரண்டு கூறுகளை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விலக்குங்கள். திரும்பக் கலந்து திரும்ப நாலு கூறு. சுமார் 200 கிராமுக்கு இறங்கும்வரை இதையே செய்யுங்கள். ஆய்வுகூடத்திலும் இதே கவனம் வேண்டும். ஒரு மில்லிமீற்றர் அரிதட்டில் போகாமல் நிற்கிற துண்டுகளைத் திரும்ப அரைக்க வேண்டும், கொட்டக் கூடாது. கொட்டினால் தோல் போய்ச் சவ்வு மிஞ்சும், உறைப்பு பொய்யாக ஏறும்.

செம்பாட்டான்:
காம்பு விசயத்தையும் சேருங்கோ. காம்போட அரைச்ச செத்தலில காம்பின்ர நிறையும் கணக்கில வரும், உறைப்பு வராது. பிறகு, வலிகாமத்துத் தோட்டத்துச் செத்தலுக்கை சந்தையில கொச்சி மிளகாய் (கடும் உறைப்பான சின்ன மிளகாய்) ஒரு பிடி கலந்தாலே எண் துள்ளும்.

எனக்கு ஒரு கேள்வி. பச்சை மிளகாயா அனுப்பினால் எண் ஏன் இவ்வளவு குறையுது?

கொலம்18:
பச்சையில பெரும்பங்கு தண்ணி. உலர்நிறைக்கு மாத்தாம ஒப்பிட்டால் குறையத்தான் செய்யும். இன்னொண்டு, வெட்டின பச்சை மிளகாயில பெரொக்சிடேசு எண்ட நொதியம் கப்சைசினை ஒட்சியேற்றிச் சிதைக்கும். வெட்டிப்போட்டு மேசையில விடக்கூடாது. உடன உறைய வையுங்கோ, இல்லாட்டி முழுக்காயாவே 60 பாகையில காயப் போடுங்கோ.

இப்ப முறை. ஏ.ஓ.ஏ.சி. (ஆய்வு முறைகளை வெளியிடுற சர்வதேச அமைப்பு) 995.03 முறையில 25 கிராம் தூளை 200 மி.லீ. எதனோலோட 5 மணித்தியாலம் மீள்வடியக் கொதிக்க விடச் சொல்லுது. நல்ல முறை, ஆனா நாளுக்கு நாலு மாதிரிதான் ஓடும். சின்ன ஆய்வுகூடத்துக்கு நான் சொல்லக்கூடியது இது:

நல்லா அரைச்ச தூள் 1.000 கிராம், 50 மி.லீ. மூடியுள்ள குழாயில. 20 மி.லீ. எதனோல் அல்லது மெதனோல். 50 பாகைச் சொனிக்கேற்றர் (ஒலியதிர்வால குலுக்கிற) தொட்டியில 30 நிமிசம், பத்து நிமிசத்துக்கு ஒருக்காக் குலுக்க வேணும், இல்லாட்டித் தூள் அடியில கட்டியா இறுகும். மைய நீக்கியில சுத்தி மேல் திரவத்தை எடுத்து, அடியில நிக்கிறதை இன்னொரு 4 மி.லீ.யால கழுவிச் சேர்த்து, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு 25 மி.லீ. கனமானக் குடுவையில குறிவரைக்கும் நிரப்புங்கோ. சூட்டோட நிரப்பினால் ஆறினப்பிறகு கோட்டுக்குக் கீழ நிக்கும்.

கொலம் சி-18, 150 × 4.6 மி.மீ., 5 மைக்ரோன். ஓடுகரைப்பான் (கொலத்துக்குள்ளால ஓடுற திரவம்) அசற்றோனைத்ரைலும் 1 வீத அசற்றிக் அமிலத் தண்ணியும் சரிபாதி, நிமிசத்துக்கு 1 மி.லீ. புறஊதா டிடெக்டர் எண்டால் 280 நனோமீற்றர். ஒளிர்வு டிடெக்டர் இருந்தால் 280இல தூண்டி 325இல வாசியுங்கோ. வாற ஒழுங்கு நோர் (நோர்டைஐதரோகப்சைசின்), கப்சைசின், டைஐதரோ (டைஐதரோகப்சைசின்). 995.03இல அசற்றோனைத்ரைல் 40 பங்குதான். நேரம் கூடும், ஆனா நோரும் கப்சைசினும் வடிவாப் பிரியும். சரிபாதியில உங்கட கொலத்தில உந்த இரண்டும் ஒட்டினால் 40க்கு இறங்குங்கோ.

அசற்றோன் வேண்டாம். கப்சைசினை நல்லா இழுக்கும், அதோட சிவப்பு நிறப்பொருளையும் முழுக்க இழுக்கும். அந்தக் கரோட்டினொயிட்டுகள் 50 வீத அசற்றோனைத்ரைலில வெளியில வராது, கொலத்தில ஒட்டிக்கிடந்து அஞ்சாறு மாதிரிக்குப் பிறகு அடிக்கோடு ஆடும், இல்லாத பீக் (ஒரு பொருள் வெளியில வரேக்க கோட்டில எழும்புற முகடு) எல்லாம் வரும். எதனோலிலையும் இது இருக்கு, குறைவு. எதை எடுத்தாலும் ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் 95 வீத அசற்றோனைத்ரைலில அஞ்சு நிமிசம் கழுவி, திரும்பப் பழைய கலவையில ஏழு எட்டு நிமிசம் நிலைக்க விடுங்கோ.

நெல்லியடி_லாப்:
கொலம்18 சொன்னதில ஒரு இடம் கனபேருக்குச் சறுக்கும். 25 மி.லீ. எதனோல் சாற்றை அப்பிடியே 20 மைக்ரோலீற்றர் ஏத்தினால் பீக்கின்ர முன்பக்கம் சரிஞ்சு, சில நேரம் இரண்டாப் பிளந்து நிக்கும். காரணம், எதனோல் ஓடுகரைப்பானைவிட வலு கூடினது. கொலத்தின்ர வாசலில கப்சைசின் தங்காமல் எதனோலோடயே முன்னுக்கு ஓடுது. 5 மைக்ரோலீற்றர் மட்டும் ஏத்துங்கோ, அல்லது சாற்றை ஓடுகரைப்பானால சரிபாதி ஐதாக்குங்கோ. ஐதாக்கினா எண்ணெய் கலங்கி வெள்ளையா வரும், அதால வடிகட்டிறது ஐதாக்கின பிறகுதான். 0.45 மைக்ரோன் வடி, முதல் ஒரு மி.லீ.யைக் கொட்டிவிடுங்கோ. வடியின்ர தாள் முதலில கொஞ்சம் உறிஞ்சும். ஐதாக்கின இரண்டு மடங்கைக் கணக்கில பெருக்க மறக்காதேங்கோ.

இனி எங்கட ஊர் வெக்கை. ஏசி இல்லாத அறையில பகல் 32, 33 பாகை நிக்கும். கொலம் அடுப்பை 30க்கு வைச்சால் அது அடுப்பில்லை, சும்மா பெட்டி. அதால குளிராக்க ஏலாது. 40க்கு வையுங்கோ, காலைக்கும் பின்னேரத்துக்கும் பீக் ஒரே நேரத்தில வரும். ஓடுகரைப்பான் போத்தல் மூடி திறந்து கிடந்தால் அசற்றோனைத்ரைல்தான் முதலில ஆவியாகும். கலவையில தண்ணிப் பங்கு கூடும், பீக் வரவர பின்னுக்குப் போகும். "கொலம் பழுதாப் போச்சு" எண்டு புதுசு வாங்கிறதுக்கு முன்னம் போத்தல் மூடியைப் பாருங்கோ.

தண்ணி முக்கியம். வலிகாமக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்கால வாறது, கடும் வன்நீர். குடுவை கழுவிப்போட்டுக் கடைசி அலசல் வடிச்ச தண்ணியால இருக்க வேணும். ஓடுகரைப்பானுக்கு எச்.பி.எல்.சி. தரத் தண்ணிதான். கரன்ட் இடையில நிண்டால் அமிலக் கலவையோட கொலத்தை இரவு முழுக்க விடாதேங்கோ. கரன்ட் வந்தவுடன 70 வீத அசற்றோனைத்ரைலால கழுவிப்போட்டு மூடுங்கோ.

தூள்மில்:
24,600 வந்த அறிக்கையின்ர இரண்டாம் பக்கத்தில சின்ன எழுத்தில கிடக்கு: "நியமம்: கப்சைசின், இயற்கை மூலம், 65 வீதம்". மற்றதில "95 வீதத்துக்கு மேல், தூய்மைத் திருத்தம் செய்யப்பட்டது" எண்டு இருக்கு. இதுவா விசயம்?

கொலம்18:
இதேதான்.

இயற்கை மூலத்துக் கப்சைசின் எண்டு மலிவா வாற நியமத்தில 65 வீதம் கப்சைசின், மிச்சத்தில பெரும்பங்கு டைஐதரோ. 10 மில்லிகிராம் நிறுத்து 10 மி.லீ.யில கரைச்சால் போத்தலில 1000 மைக்ரோகிராம்/மி.லீ. எண்டு எழுதுவினம். உண்மையில கப்சைசின் 650 மட்டும். அந்தச் சின்னப் பீக்குக்கு 1000 எண்டு பெயர் வைச்சால், மாதிரியில வாற ஒவ்வொரு பீக்கும் 1000/650, அதாவது 1.54 மடங்கு ஊதித் தெரியும். டைஐதரோவையும் அதே கோட்டிலதான் வாசிச்சிருப்பினம், அதுவும் ஊதும்.

24,600ஐ 0.65ஆல பெருக்குங்கோ: 15,990.

மற்ற அறிக்கையின்ர கணக்கைத் தலைகீழாப் போட்டால் இப்பிடி இருக்க வேணும். 1.000 கிராம் தூள், 25 மி.லீ. சாறு. கப்சைசின் 24, டைஐதரோ 14, நோர் 3 மைக்ரோகிராம்/மி.லீ. 25ஆல பெருக்கினால் கிராமுக்கு 600, 350, 75 மைக்ரோகிராம். முதல் இரண்டுக்கும் பெருக்கெண் 16.1, நோருக்கு 9.3. ஆக 9,660 + 5,635 + 698, கூட்டினால் 15,993. அறிக்கையில 16,000. சில பேர் 15ஆல பெருக்குவினம், சில பேர் 16ஆல. அந்த வித்தியாசம் ஏழு வீதத்துக்குள்ளதான். 50 வீதத்தை அது விளக்காது.

தராசுத்தட்டு:
இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கிறது. மாதிரி எடுப்பிலேயே ஐந்து வீதம் ஆடலாம். 15,000 வந்திருந்தாலும் முடிவு இதுதான்.

இன்னொரு திருத்தம். 16,000 இருந்தபடி நிறைக்கா? ஈரப்பதன் 9 வீதம் என்றால் உலர்நிறைக்கு 16,000 ஐ 0.91 ஆல் வகுக்க வேண்டும், சுமார் 17,600. பைக்கற்றில் போடுவது தூள் இருக்கிற நிலைக்குரிய எண், ஆகவே 16,000 சரி. ஆனால் வாங்குபவரின் ஒப்பந்தத்தில் "உலர்நிறை" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரப்பதனை 105 பாகை அடுப்பில் அளந்தால் வாசனை எண்ணெயும் சேர்ந்து பறந்து, எல்லாம் தண்ணீர் என்று கணக்காகிவிடும். மசாலாப் பொருளுக்குத் தொலுயீனுடன் கொதிக்க வைத்து, வடிந்த தண்ணீரை அளவுக் குழாயில் நேரடியாக வாசிக்கும் முறைதான் நம்பத்தக்கது.

பச்சைக்கொத்து:
எச்.பி.எல்.சி. எல்லாம் எங்களுக்கு எட்டாது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில நிறமானி ஒண்டு இருக்கு. பொஸ்போமொலிப்டிக் அமிலம் போட்டு 650 நனோமீற்றரில வாசிக்கிற முறை காணாதோ?

நெல்லியடி_லாப்:
வரிசைப்படுத்தக் காணும், எண் சொல்லக் காணாது. அந்த நீலம் கப்சைசினுக்கு மட்டும் வாறதில்லை, பீனோல் கூட்டம் உள்ள எல்லாத்துக்கும் வரும். மிளகாய்த் தோலில வேற பீனோல்கள் கனக்க இருக்கு. உறைப்பில்லாத கறிமிளகாயிலயும் நீலம் கொஞ்சம் வரும், அதை வைச்சே உந்த முறையின்ர பிழையைப் பிள்ளையளுக்குக் காட்டலாம். மூன்று இனங்களில எது கூட உறைப்பு எண்டு பார்க்கத் தாராளமாச் செய்யுங்கோ. ஸ்கோவிலாக மாத்தி எழுதாதேங்கோ.

கப்சைசின் நிறுக்கும்போது மட்டும் விளையாடாதேங்கோ. தூய பொருள் 1.6 கோடி ஸ்கோவில். ஃபானை நிப்பாட்டி, முகமூடி, கையுறை, கண்ணாடி போட்டு நிறுங்கோ. ஃபான் ஓடினால் தராசும் ஆடும், பொடியும் அறை முழுக்கப் பறக்கும். குடுவையை முதல் எதனோலால கழுவுங்கோ, பிறகு சவர்க்காரம். கப்சைசின் தண்ணியில கரையாது, சுடுதண்ணி ஊத்தினால் ஆவியோட கிளம்பி எல்லாரையும் இருமவைக்கும். கையில பட்டாலும் முதல் தேங்காயெண்ணெய் பூசித் துடைச்சுப்போட்டுப் பிறகு சவர்க்காரம்.

தூள்மில்:
நன்றி எல்லாருக்கும். அப்ப கறித்தூள்? செத்தல், மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், நற்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து அரைக்கிறது.

கொலம்18:
இதுதான் உண்மையில கஷ்டமான மாதிரி. வாயில உறைக்கிறதில ஒரு பங்கு மிளகின்ர பைப்பரீன், அது ஸ்கோவில் கணக்கில சேராது. ஆனா கொலத்தில கப்சைசினுக்குப் பக்கத்திலதான் வரும், 280இலயும் ஒளியை உறிஞ்சும். புறஊதா டிடெக்டரில ஒரு பீக்கைப் பார்த்துக் கப்சைசின் எண்டு பெயர் வைச்சால் மிளகை மிளகாய் எண்டு வித்துப்போடுவியள்.

டயோட் அடுக்கு டிடெக்டர் (பல அலைநீளங்களை ஒரே நேரத்தில வாசிக்கிறது) இருந்தால் பீக்கின்ர உச்சியில நிறமாலையைப் பாருங்கோ. கப்சைசின் 280க்குக் கிட்ட ஏறி 300க்கு மேல விழுந்துவிடும், பைப்பரீன் 340க்குக் கிட்டத்தான் உச்சம். 340இல அந்த இடத்தில ஏதாவது தெரிஞ்சால் அது கப்சைசின் இல்லை. மஞ்சளின்ர குர்குமின் 425இல காட்டிக்குடுக்கும். ஒளிர்வு டிடெக்டரில பைப்பரீன் தொல்லை வெகுவாக் குறையும்.

ஆனா ஒளிர்வையும் கண்மூடி நம்பாதேங்கோ. கராம்பு போடுற வீட்டுத் தூள் எண்டால் அதில இயூஜினோல் இருக்கு. கப்சைசினின்ர ஒளிரும் பக்கமும் இயூஜினோலும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. முன்னுக்கு வரும், ஆனா பெரிசா வரும், அதின்ர வால் நோர் பீக்கில ஏறும். அதால ஒரே வழி: செத்தல் மட்டும் போடாமல், மற்ற எல்லாத்தையும் அதே அளவில, அதே வறுவலில அரைச்சு ஒரு வெற்றுத்தூள் செய்யுங்கோ. அதையும் அதே மாதிரிப் பிரிச்சு ஓட்டுங்கோ. மூன்று பீக் வாற இடத்திலயும் கோடு தட்டையா இருக்க வேணும். பிறகு அந்த வெற்றுத்தூளில தெரிஞ்ச அளவு கப்சைசின் சேர்த்து ஓட்டி, எவ்வளவு திரும்பக் கிடைக்குது எண்டு பாருங்கோ. 95 முதல் 105 வீதம் எண்டால் சரி. 80 எண்டால் பிரித்தெடுப்புக் காணாது, இரண்டாந்தரம் கழுவ வேணும்.

செம்பாட்டான்:
வறுக்கிறதில உறைப்புப் போகுமோ?

நெல்லியடி_லாப்:
கப்சைசின் சூட்டுக்கு லேசில அழியாது. ஆனா தாச்சியில செத்தல் கருகத் தொடங்கினால் கொஞ்சம் சிதையும், கொஞ்சம் புகையோட பறக்கும். அடுக்களையில எல்லாரும் தும்முறது அதாலதான். அதைவிட, வறுக்கேக்க தண்ணி போறதால நிறை குறையும். கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் வறுத்த பிறகு எண் ஏறினது போலயும் தெரியலாம். முன்னும் பின்னும் உலர்நிறைக்கு மாத்திப்போட்டு ஒப்பிடுங்கோ.

நிறத்தை வைச்சு உறைப்பை மதிக்கிறதையும் விடுங்கோ. சிவப்பு வேற பொருள், அசற்றோன் சாற்றை 460 நனோமீற்றரில தனியா அளக்கிறது. நல்ல சிவப்பாயும் உறைப்புக் குறைவாயும் இருக்கிற செத்தல் சந்தையில தாராளம்.

தூள்மில்:
அடுத்த தொகுதி அனுப்பேக்க மாதிரியை எதில கட்டிறது? கடைப் பொலித்தீன் பை காணுமோ?

தராசுத்தட்டு:
காணாது. ஈரம் ஏறும், வெளிச்சமும் படும். கபில நிறக் கண்ணாடிப் போத்தல், இல்லாவிட்டால் அலுமினியப் படலம் உள்ள பை, வாய் சூடாக்கி ஒட்டியது. நாலு கூறு பிரித்து எடுத்த 200 கிராமை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அனுப்பி மற்றதை அதே திகதி, தொகுதி இலக்கம் எழுதி உங்களிடமே குளிரில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் நியமத்தின் தூய்மை, மூன்று பொருள்களின் மில்லிகிராம் அளவு, ஈரப்பதன் மூன்றையும் அறிக்கையில் தரும்படி முன்கூட்டியே கேளுங்கள்.